பெங்களூர்த் தண்டில் சேர்ச்சில்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்களது இளமையைக் கூறுமிடத்து ஒரு வழக்கத்தைக் கைக்கொள்வர். பிற்காலப் பெருமை முழுவதையும், விதைக்குள் மரத்தைக் காண்பார்போல, இளமையிலேயே கண்டுவிடுவர். பள்ளியிற் பின்தங்கிய பிள்ளை, பிடிவாதக்காரன், தானே கற்றுத் தேர்ந்தவன், போர்க்களத்தில் அஞ்சாதவன், ஈற்றில் உலகத் தலைவன் என்று கதை ஒரே கோட்டில் ஓடும். வின்ஸ்டன் சேர்ச்சிலின் இளமையும் இவ்வாறே நம் பிள்ளைகளுக்குக் கூறப்பட்டு வருகின்றது. தன்னம்பிக்கை நூல்களிலும், பேச்சுப் போட்டிக்கு மாணவர் மனனஞ்செய்யும் உரைகளிலும் அவர் அடிக்கடி வருகின்றார். எப்போதும் தனியாகவே வருகின்றார். அவர் சேவை செய்த படை, அப்படையைத் தாங்கிய வரிப்பணம், அவருடைய குதிரையைத் தேய்த்தவன், அவர் குளிக்கத் தண்ணீர் சுமந்தவன் ஆகிய எவரும் உடன் வருவதில்லை.

இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் காலம் சிறியது. 1896 ஒக்டோபரில் 4ஆம் ஹுஸார் குதிரைப்படையின் இளநிலை அதிகாரியாக இந்தியா வந்த சேர்ச்சில், 1899 மார்ச்சில் அந்நாட்டை விட்டு நீங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. அதிலும் விடுமுறைகளும் எல்லைப்புறப் போரும் சூடான் போரும் போக எஞ்சிய நாள்கள் இன்னும் குறைவு. ஆயினும் பின்னாளில் பிரித்தானியத் தலைமை அமைச்சராக அமர்ந்த ஒருவர் தமது கல்வியையும், எழுத்துத் தொழிலையும், மனித இனங்களைப் பற்றிய கணிப்பையும் பெற்ற இடங்களுள் பெங்களூருக்கு நிகரானது வேறில்லை எனலாம்.

அந்த இடம் தமிழ் வழங்கிய இடம் என்பது நமக்குத் தனிச் சிரத்தை தருவது. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப்பின் சீரங்கப்பட்டணத்தில் இருந்த படையை மாற்றி, 1809 அளவில் பெங்களூரில் ஒரு படைக் குடியிருப்பை ஆங்கிலேயர் அமைத்தனர். மைசூர் அரசரின் நாட்டுக்குள்ளே, ஆங்கிலேயரின் நேர் ஆட்சியில், அது ஒரு தீவுபோலக் கிடந்தது. சென்னைப் படையைத் தொடர்ந்து சிப்பாய்களும் கொத்தரும் தச்சரும் சமையற்காரரும் சிறு வணிகருமாகத் தமிழ் மக்கள் அங்குக் குடியேறினர். அல்சூர்ப் பகுதியில் அவர்களின் சந்ததியார் இன்றும் வாழ்கின்றனர். அந்தக் குடியிருப்பை ஊரார் 'தண்டு' என்றே அழைத்தனர். தண்டு என்பது படையைக் குறிக்கும் பழஞ்சொல். படையெடுத்தலைத் தண்டெடுத்தல் என்று கூறுவது நம் இலக்கிய வழக்கு.

அவர் சேர்ந்த படையின் அமைப்பை முதலில் நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பிரித்தானியக் காலாட்படை, குதிரைப்படை ஆகியவற்றில் அதிகாரிப் பதவி விலைக்கு விற்கப்பட்டது. பணமுள்ள பிரபுவின் மகன் பதவியை வாங்குவான்; மேற்பதவியையும் வாங்குவான்; விலகும்போது தன் பதவியை இன்னொருவனுக்கு விற்பான். போர் அமைச்சராக இருந்த எட்வர்ட் கார்ட்வெல் 1871இல் இந்த வியாபாரத்தை ஒழித்தார். அதற்கு முந்திய ஆண்டில், சாதாரண வீரன் சில ஆண்டு படையிலும் சில ஆண்டு சேமப்படையிலும் இருக்கும் குறுகிய காலச் சேவை முறையைக் கொண்டுவந்தார். காலாட்படைப் பட்டாளங்களை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்று தாய்நாட்டில் ஆள் சேர்த்துப் பயிற்றவும் மற்றது கடல் கடந்த நாட்டில் காவல் செய்யவும் வழிசெய்தார். 1881இல் சில்டர்ஸ் என்ற அமைச்சர் இவ்விணைப்பை முழுமையாக்கி, ரெஜிமெந்துகளுக்கு மாவட்டப் பெயர்களையும் சூட்டினார். இங்கிலாந்தின் படைச் சீர்திருத்தம் என்று பாடநூல்கள் கூறும் இவ்வேற்பாட்டின் அச்சாணி இந்தியாவே. 1857க்குப் பின் பெரியதொரு வெள்ளையர் படையை இந்தியாவில் நிரந்தரமாக நிறுத்துவதெனில், அவர்களை முறைவைத்து அனுப்பவும் மாற்றவும் ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது.

பதவி விற்பனை சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது. அதிகாரிகளின் வாழ்க்கைச் செலவில் அது தங்கியிருந்தது. குதிரைப்படை அதிகாரி தன் சீருடை, சேணம், உணவுக் கழகச் சந்தா, போலோக் குதிரை என யாவற்றுக்கும் சொந்தப் பணம் செலவிட வேண்டும். ஆகவே வசதி குறைந்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் காலாட்படையையே நாடினர். அங்குப் போட்டி கடுமையாயிற்று. குதிரைப்படைக்குப் போட்டி குறைவு, எனவே அதற்கு வேண்டிய புள்ளிகளும் குறைவு. சான்ட்ஹேர்ஸ்ட் படைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தவறி, 1893இல் மூன்றாம் முறை தேறிய சேர்ச்சிலுக்குக் கிடைத்தது குதிரைப்படை இடமே. மகன் தேறினான் என்று மகிழாமல், தந்தை ரண்டொல்ஃப் பிரபு சினந்து கடிதம் எழுதினார். ஆண்டுதோறும் தாம் இறுக்கவேண்டிய பணம் அவர் கண்முன் நின்றது போலும். இந்த ரண்டொல்ஃப் பிரபு யாரெனில், 1885இல் இந்திய அமைச்சராக இருந்து மேல் பர்மாவின்மீது படையை ஏவியவர். அடுத்த ஆண்டின் முதல் நாளில் பர்மா பேரரசுடன் இணைக்கப்பட்டது. 1895 ஜனவரியில் அவர் இறந்தார். மறு மாதமே, பெப்ரவரி 20இல், மகன் 4ஆம் ஹுஸாரில் நியமனம் பெற்றார்.

அக்காலத்துக் குதிரைப்படை அதிகாரிக்கு ஆண்டில் ஏழு மாதம் பயிற்சி, ஐந்து மாதம் விடுமுறை. முதல் விடுமுறையிலேயே, 1895 இறுதியில், சேர்ச்சில் கியூபாவுக்குச் சென்று ஸ்பானியப் படையோடு அலைந்து ஒரு லண்டன் இதழுக்குக் கடிதங்கள் எழுதினார். போரைக் காணவும் அதை எழுதி விற்கவும் அவர் அங்கே பழகிக்கொண்டார். மறு ஆண்டு அவரது ரெஜிமெந்து இந்தியாவுக்குக் கப்பலேறியது.

பெங்களூர் வாழ்க்கையைச் சேர்ச்சில் பின்னாளில் தமது சுயசரிதையில் மிகுந்த இரசனையோடு வருணித்திருக்கின்றார். இளம் அதிகாரிகள் மூவர் சேர்ந்து, ரோசாத் தோட்டம் சூழ்ந்த பெரிய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்தனர். விடியற்காலையில் அணிவகுப்பு ஒன்றரை மணி நேரம், பின் காலையுணவு, குதிரைலாயத்திலும் அலுவலகத்திலும் சிறிது பணி, முற்பகல் முடியுமுன் அன்றைய வேலை முடிந்துவிடும். மாலை சாயும்போது போலோ. இரவு உணவுக் கழகத்தில் பாண்டு வாத்தியத்தோடு விருந்து. வந்து ஆறு வாரத்துள் ஹைதராபாத்தில் கோல்கொண்டாக் கிண்ணத்தை இவர்களது அணி வென்றது. பூனாவில் ஒரு படைப்பிரிவு வைத்திருந்த 25 போலோக் குதிரைகளை மொத்தமாக வாங்கியதும் அவ்வெற்றிக்கு ஒரு காரணம்.

நடுப்பகலில் மற்றையோர் உறங்கினர், சேர்ச்சில் படித்தார். தாயார் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய கிபனின் ரோமப் பேரரசு வரலாறு எட்டுத் தொகுதி, மெக்காலே பன்னிரண்டு தொகுதி, பிளேட்டோ, டார்வின், மால்தஸ் என நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம் வாசித்தார். பல்கலைக்கழகம் காணாத இளைஞன் தன் முயற்சியால் கற்ற இவ்வரலாறு உண்மையானது, போற்றத்தக்கதும் ஆகும். அவரது ஆங்கில உரைநடையின் கட்டுக்கோப்பு இம்மதிய நேரங்களிலேயே உருவாயிற்று. இந்திய மொழிகளின் இலக்கியத்தை ஒரு பொருட்டாக மதியாத மெக்காலேயை, தமிழும் தக்கணத்து உருதுவும் ஒலிக்கும் ஒரு கடைத்தெருவுக்கு அருகே அமர்ந்து அவர் ஊன்றிப் படித்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை உயர்தர வகுப்பில் இப்பகுதியை விளக்கியபோது பின்வரிசை மாணவன் ஒருவன், "சேர், அவர் மத்தியானம் முழுக்க வாசிச்சிக்கிட்டு இருந்தா வீட்டு வேலைய யாரு செஞ்ச?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நூறு வாழ்க்கை வரலாறுகள் கேளாத கேள்வி அது. அதற்கு விடை சேர்ச்சில் தாயாருக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கின்றது. ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு பட்லர், உடை எடுத்துக்கொடுக்க ஒரு பையன், குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குதிரைக்காரன். மூவருக்கும் பொதுவில் தோட்டக்காரர் இருவர், தண்ணீர் சுமப்போர் மூவர், சலவைத் தொழிலாளர் நால்வர், காவற்காரன் ஒருவன். வீட்டுக்காரர் மூவர், அவர்களுக்காக உழைத்தோர் இருபதுக்கு எட்டியிருப்பர். அவர்களுள் ஒருவரது பெயரும் நமக்கு எட்டவில்லை.

சம்பளக் கணக்கையும் பார்க்கலாம். சேர்ச்சிலுக்கு நாளொன்றுக்கு 14 சிலிங். இரு குதிரைகளைப் பராமரிக்க மாதம் ஏறத்தாழ 3 பவுண் மேலதிகம். அக்காலத்தில் இந்திய ரூபாய் ஒன்றின் மதிப்பு 15, 16 பென்ஸ் அளவில் இருந்தது. ஆகவே அவரது நாட்சம்பளம் பத்து ரூபாய்க்கு மேல். அதே படைக் குடியிருப்பில் துப்பாக்கி ஏந்தி நின்ற இந்தியச் சிப்பாயின் சம்பளம், 1895இல் 7 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டு, 9 ரூபாய் ஆகியிருந்தது. அது நாட்கூலியல்ல, மாதச் சம்பளம். உணவுச் செலவையும் பெரும்பாலும் அதிலேயே அவன் சமாளிக்க வேண்டும். இருபத்திரண்டு வயது வெள்ளை இளைஞன் ஒரு நாளிற் பெற்றது, நரைத்த சிப்பாய் ஒரு மாதத்திற் பெற்றதைவிடக் கூடுதல். இது போதாமல் வீட்டிலிருந்து ஆண்டுக்கு 500 பவுண் வந்தது. அதுவும் போதாமல் உள்ளூர் வட்டிக்காரரிடம் கடனும் வாங்கினார். பெங்களூரில் அதிகாரிகளின் கழகம் ஒன்று 1899 ஜூனில் எழுதிவைத்த வராக்கடன் பட்டியலில் லெப்டினன்ட் சேர்ச்சிலின் பெயரும் 13 ரூபாயும் காணப்படுகின்றன. அப்பதிவை இன்றும் அக்கழகத்தார் பெருமையாகக் காட்டுகின்றனர், காண்போர் புன்னகைக்கின்றனர். ஒரு சிப்பாய் ஒன்றரை மாதம் உழைத்துப் பெறும் தொகை அது.

சிப்பாயின் 9 ரூபாயும் லெப்டினன்டின் 14 சிலிங்கும் ஒரே பெட்டியிலிருந்து வந்தன என்பதே இங்கு முதன்மையானது. இந்தியாவில் நிறுத்தப்பட்ட பிரித்தானியப் படையின் சம்பளம், பயணம், குடியிருப்பு, ஓய்வூதியப் பங்கு யாவும் இந்திய வருவாயின்மீதே சுமத்தப்பட்டன. அவ்வீரர்களை இங்கிலாந்தில் திரட்டிப் பயிற்றிய செலவுக்கெனத் தலைக்கு ஏழரைப் பவுணும் இந்தியா இறுத்தது. 1896இல் இந்தியப் படைப்பிரிவொன்று செங்கடற் கரையில் உள்ள சுவாக்கின் துறைக்கு அனுப்பப்பட்டபோது, அதன் வழமையான சம்பளச் செலவும் இந்தியாவின் தலையிலேயே விழுந்தது. இக்கணக்குகளை ஆராய 1895இல் வெல்பி பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்தது. தாதாபாய் நௌரோஜி அதில் உறுப்பினர். 1897இல் லண்டன் சென்று அதன்முன் சாட்சியமளித்த இந்தியருள் கோகலேயோடு ஒரு தமிழரும் இருந்தார். சுதேசமித்திரன் நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயர். சேர்ச்சில் பெங்களூரில் கிபனைப் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், அப்படிப்புக்குப் பணம் எங்கிருந்து வருகின்றதென்பது அரசாணைக்குழு ஒன்றின்முன் பேசப்பட்டது. அப்போது வட, மத்திய இந்தியாவில் பஞ்சம். பம்பாயில் கொள்ளை நோய்.

இனி அந்த 9 ரூபாய்ச் சிப்பாயிடம் வருவோம். சென்னைப் படை ஆங்கிலேயர் இந்தியாவில் அமைத்த படைகளுள் முன்னோடியானது. 1748இல் கடலூர்ப் பகுதியில் ஸ்ட்ரிங்கர் லோரன்ஸ் பயிற்றத் தொடங்கிய அதன் சிப்பாய்களே பிரெஞ்சுக்காரரையும் பின்னர் மைசூரையும் வெல்லக் கருவியாயினர். நமது நாட்டுக்கும் அவர்கள் வந்தனர். 1795இல் கேணல் ஸ்டூவர்ட்டின் தலைமையில் சென்னையிலிருந்து வந்த படை திருகோணமலையையும், செப்ரெம்பரில் மட்டக்களப்புக் கோட்டையையும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது. எங்கள் கரைவாகு, அக்கரைப்பற்றுப் பகுதிகள் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது அந்தச் சிப்பாய்களின் தோளேறித்தான். இதே படை 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் எழுந்தது. தாடியைச் சிரை, நெற்றிக் குறியை அழி, புதுத் தலைப்பாகை அணி என்ற கட்டளைகளை இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்தே எதிர்த்தனர். ஒரே நாளிற் பல நூறு பேரைக் கொன்று எழுச்சி அடக்கப்பட்டது. அரை நூற்றாண்டின்பின், 1857இல், வங்கப் படை கிளர்ந்தபோது சென்னைப் படை பெரும்பாலும் அசையாது நின்றது.

அதற்குக் கிடைத்த பரிசு விந்தையானது. கிளர்ச்சியின்பின் அமைந்த பீல் ஆணைக்குழு, வங்கத்தில் வெள்ளையன் ஒருவனுக்கு இந்தியர் இருவர், சென்னையிலும் பம்பாயிலும் ஒருவனுக்கு மூவர் என்ற விகிதத்தை வகுத்தது. பீரங்கிப்படை வெள்ளையர் கையில் வைக்கப்பட்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியத் தலைமைத் தளபதியாகவும் இருந்த ரொபேட்ஸ், தெற்கத்தியர் நெடுங்கால அமைதியால் வீரம் இழந்தவர்கள், வடக்கத்திய 'போர்க்குலங்களே' படைக்கு உரியன என்று முடிவுகட்டினார். சென்னைப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. சிலவற்றில் தமிழரும் தெலுங்கரும் இருந்த இடத்தில் பஞ்சாபியர் நிரப்பப்பட்டனர். சேர்ச்சில் நியமனம் பெற்ற 1895ஆம் ஆண்டிலேயே சென்னை, பம்பாய், வங்கப் படைகள் என்ற தனி அமைப்புகள் கலைக்கப்பட்டு, இந்தியப் படை முழுவதும் ஒரே தளபதியின்கீழ் நான்கு பிரிவுகளாக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் அடி விழுந்த இடத்தைக் கவனித்தல் வேண்டும். சென்னைப் படை பல சாதியாரையும் சேர்த்துக்கொண்டது. பறையர் முதலிய ஒடுக்கப்பட்டோருக்கும், கிறிஸ்தவருக்கும், முஸ்லிம்களுக்கும் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒரு சம்பளமும் ஒரு சீருடையும் கொடுத்தது. சேரிக்குத் திரும்பிச் செல்லாமலே ஒருவன் முதுமை எய்த முடிந்தது. 'போர்க்குல'க் கொள்கை அந்த வாயிலைச் சாத்தியது. பம்பாய்ப் பக்கத்தில் மகர் சாதியாருக்கும் இதுவே நேர்ந்தது. 1892 அளவில் அவர்களைப் படைக்குச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அச்சாதியைச் சேர்ந்த ராம்ஜி சக்பால் என்ற சுபேதாருக்கு 1891இல் மாவ் படைக் குடியிருப்பிற் பிறந்த மகனே அம்பேத்கர். படைக் குடியிருப்பு வாழ்விலிருந்து புறப்பட்ட அரசியல் தலைவர்களைப் பேசுவோர் சேர்ச்சிலோடு நின்றுவிடுகின்றனர்.

ரொபேட்ஸ் தமிழனை வீரமற்றவன் என்று கணித்த அதே காலத்தில், 1894இல், உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றினார் என்பது தமிழ் கற்றோர்க்கு இனிக்கும் செய்தி. அன்று தொட்டுப் புறநானூற்றைக் கையில் எடுத்து, நாங்களும் மறக்குடியினரே என்று வாதாடிய அறிஞர் பலர். அவர்களது உணர்ச்சி விளங்குகின்றது. வாதம் எனக்கு உடன்பாடன்று. வீரம் பிறப்பால் வருவது, குலத்துக்குக் குலம் அளந்து பங்கிடப்பட்டது என்ற ரொபேட்ஸின் முழக்கோலை அவ்வாதம் ஏற்றுக்கொள்கின்றது. அக்கோலில் தனக்கு உயர்ந்த இடம் ஒன்றை மட்டுமே கேட்கின்றது. தமிழுக்கும் சிங்களத்துக்கும், சோனகருக்கும் மலாயருக்கும் இந்நாட்டில் இக்கோலைப் பிடித்து அளந்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் ஆங்கிலேயரல்லர்.

சேர்ச்சில் இக்கொள்கையைப் பெங்களூரிற் கேட்டு, எல்லைப்புறத்திற் பயின்றார். 1897 ஜூலையில் மலகண்டில் பட்டாணியர் எழுந்தனர் என்ற செய்தி வந்தபோது அவர் இங்கிலாந்தில் விடுமுறையில் இருந்தார். தளபதி பிண்டன் பிளட் முன்னர் கொடுத்த வாக்கொன்றை நம்பி உடனே கப்பலேறி, பெங்களூரிலிருந்து இரண்டாயிரம் மைலுக்கு மேல் ரயிலிற் கடந்து நௌஷேரா சேர்ந்தார். படையில் இடமில்லாமையால் முதலிற் பத்திரிகை நிருபராகச் சென்றார். அதிகாரிகள் மடிந்தபின் 31ஆம் பஞ்சாபிக் காலாட்படையில் இடங்கிடைத்தது. அப்போது அவருக்குத் தெரிந்த சுதேச மொழிச் சொற்கள் இரண்டு. கொல் எனப் பொருள்படும் 'மாரோ', செல் எனப் பொருள்படும் 'சலோ'. மூன்றாவதாக ஆங்கிலேய நரிவேட்டைக் கூச்சல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு மனிதரை வழிநடத்தியதாக அவரே வேடிக்கையாக எழுதியிருக்கின்றார். போரிற் பழுத்த இந்தியச் சுபேதார்கள் அவ்விளைஞனின் கீழே நின்றனர். நரைத்த சுபேதார் மேஜரும் நேற்று வந்த வெள்ளை லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவர். இந்தியருக்கு அரசநியமன அதிகாரிப் பதவி 1917 வரை திறக்கப்படவில்லை.

மாமுண்ட் பள்ளத்தாக்கில் செப்ரெம்பர் 16இல் நடந்த மோதலில் அவர் துணிவோடு நின்றார். காயமுற்றோரைத் தூக்கிவர உதவினார். அதை மறுப்பது நேர்மையன்று. அடுத்து வந்த வாரங்களில் படை ஊரூராகச் சென்று வீடுகளை இடித்தது, பயிரைத் தீயிட்டது, கிணற்றைத் தூர்த்தது, நீர்த்தேக்கத்தை உடைத்தது. இதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். குளத்தையும் வாய்க்காலையும் நம்பி வேளாண்மை செய்யும் எங்கள் பகுதியார்க்கு, குளத்தை உடைப்பதென்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு போகத்தோடு முடியும் தண்டனையன்று அது. பெங்களூருக்குத் திரும்பிய இளைஞர், அதே பங்களாவில், அதே மதிய நேரங்களில், இப்போரைப் பற்றிய தமது முதல் நூலை எழுதினார்; 1898இல் அது வெளிவந்து அவரைப் புகழ்பெறச் செய்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் சூடானின் ஒம்டுர்மானில் 21ஆம் ஈட்டிப்படையோடு தாக்குதலிற் கலந்துகொண்டார். மஹ்தியின் கல்லறையைக் கிச்சனர் அவமதித்ததைத் தமது அடுத்த நூலிற் கண்டித்தார். 1902இல் வந்த சுருக்கப் பதிப்பிலோ கண்டனத்தின் பெரும்பகுதி மறைந்தது. அதற்குள் அவர் பாராளுமன்ற உறுப்பினர் ஆகிவிட்டார்.

இலங்கையிலும் இக்கணக்கு வேறுபட்டதன்று. பாதுகாப்புச் செலவென்று பெருந்தொகையைக் குடியேற்ற நாடே செலுத்தவேண்டுமென இங்கிலாந்து வற்புறுத்தியபோது, 1864இல் வணிகர் ஜோர்ஜ் வோல் முதலான உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் சட்டநிரூபண சபையிலிருந்து விலகினர். மறு ஆண்டு இலங்கைச் சங்கம் தோன்றியது. நமது அரசியற் கிளர்ச்சிகளின் தொடக்கங்களுள் ஒன்று படைச்செலவுப் பிணக்கிற் கிடக்கின்றது. மலாயரைப் பெரும்பான்மையாகக் கொண்ட இலங்கைத் துப்பாக்கிப்படை 1873 அளவிற் கலைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் படையையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு முஸ்லிம் சமூகம் வேறு பிழைப்புத் தேடவேண்டியதாயிற்று. 1900இல் அமைந்த தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப்படையிலோ ஐரோப்பியர்க்கே இடம்.

பெங்களூர் இளைஞர் முதியவரானபின், 1930களில், இந்தியர்க்கு ஓரளவு சுயாட்சி கொடுக்கும் சட்டத்தையும் தமது கட்சியாரோடு பிணங்கி எதிர்த்தார். இந்தியா என்பது அவர் மனத்தில் 1899இல் விட்டுவந்த இந்தியாவாகவே நின்றது. வெள்ளை அதிகாரி, விசுவாசமான வடக்கத்தியச் சிப்பாய், பெயரற்ற வேலையாள். 1943இல் வங்கத்திற் பஞ்சம் பரவி ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மடிந்தபோது, தானியம் கொணரக் கப்பல் கேட்டு வைசிராய்மார் அனுப்பிய வேண்டுகோள்களை அவரது போர் அமைச்சரவை மறுத்தும் குறைத்தும் தாமதித்தும் வந்தது. இந்தியரைப் பற்றி அவர் அவ்வமயம் உதிர்த்த ஏளனங்களை, அவரது சொந்த இந்திய அமைச்சரான ஏமெரியே நாட்குறிப்பில் எழுதிவைத்தார். போர்க்காலத்திற் கப்பல் தட்டுப்பாடு இருந்தது உண்மை என்று வரலாற்றாசிரியர் சிலர் அவருக்காகப் பேசுவர். தட்டுப்பாடான கப்பல் யாருடைய பசிக்கு முதலிற் செல்லும் என்று தீர்மானித்த மனத்தை நாம் பேசுகின்றோம். அம்மனம் ஒரே நாளில் உருவானதன்று.

அந்தப் போர் எங்கள் கரைக்கும் வந்தது. 1942 ஏப்பிரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலமுனைக்கு வடக்கே அக்கப்பல் இன்றும் கடலடியிற் கிடக்கின்றது.

'வீரமற்ற' சென்னைப் படையின் கதை இவ்வாறு முடிந்தது. முதல் உலகப்போரில் மெசொப்பொத்தேமியாவிற் பணிபுரிந்த அதன் காலாட் பட்டாளங்கள், சிக்கனத்தின் பெயரால் 1920களிற் கலைக்கப்பட்டன. சாலையும் பாலமும் அமைத்த சென்னை முன்னோடிப்படை 1933இற் கலைக்கப்பட்டது. அல்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறிப்படை மட்டும் எஞ்சியது. இந்தியப் படையெங்கும் அதன் வீரர்க்கு இன்றளவும் வழங்கும் செல்லப் பெயர் 'தம்பி'. பின்பு 1941இல், சேர்ச்சில் தலைமை அமைச்சராக இருக்கையில், ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் சென்னை ரெஜிமெந்து மீண்டும் திரட்டப்பட்டது. ரொபேட்ஸ் கண்ட குலக் குறைபாட்டைப் பற்றி அப்போது எவரும் வாய்திறக்கவில்லை. கோவையிலும் சேலத்திலும் மதுரையிலும் இளைஞர் வரிசையில் நின்றனர், மருத்துவர் நெஞ்சளவு பார்த்தார், பெயர் பதியப்பட்டது.